புராஸ்டேட் ஆபரேஷன்: கருவியைக் கடைசியில் கேளுங்கள்

புராஸ்டேட் வீக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் எழும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: லேசரா, பழைய முறையா? அடுத்த நிமிடம் மகனோ மருமகனோ செல்போனில் தேடத் தொடங்குவார். நீராவி, நீர்த்தாரை, ரோபோ, கிளிப், ரத்தக்குழாய் அடைப்பு என்று வரிசையாகப் பெயர்கள் வந்து விழும். எல்லாமே வலியில்லாதது, எல்லாமே நவீனமானது என்றுதான் எழுதியிருக்கும். என்னைக் கேட்டால், எந்தக் கருவி என்பது மூன்றாவதாகக் கேட்க வேண்டியது. முதலில் கேட்க வேண்டியது, சிறுநீர்ப்பை இப்போது எந்த நிலையில் இருக்கிறது, இன்னும் பொறுக்கலாமா என்பது. இரண்டாவது, செய்துகொள்ளப் போகிறவர் எதைக் காப்பாற்றிக்கொள்ள விரும்புகிறார், எதை விட்டுக்கொடுக்கச் சம்மதிப்பார் என்பது. இந்த இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் கருவி ஏறக்குறையத் தானாகவே முடிவாகிவிடும். இப்படிச் சொல்ல ஆதாரம் இருக்கிறது. கடந்த முப்பது வருடங்களில் நடந்த நல்ல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் அவை இந்தப் பக்கம்தான் கைகாட்டுகின்றன. புற்றுநோய் அல்லாத வீக்கத்தைப் பற்றி மட்டுமே இங்கே பேசுகிறேன்.

புராஸ்டேட் என்பது சிறுநீர்ப்பையின் வாய்க்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் சுரப்பி. இளம் வயதில் ஏறக்குறைய 20 கிராம் இருக்கும். நாற்பதுக்கு மேல் அதன் உட்பகுதி, அதாவது குழாயை ஒட்டிய பகுதி, மெல்ல வளரத் தொடங்குகிறது. இறந்தவர்களின் புராஸ்டேட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த ஆய்வுகளின்படி ஐம்பதுகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கும், எண்பதைத் தாண்டியவர்களில் பெரும்பாலானோருக்கும் இந்த வளர்ச்சி இருக்கிறது. ஆகவே இது இருப்பதே ஒரு செய்தி அல்ல. ஸ்கேன் ரிப்போர்ட்டில் '52 கிராம்' என்று இருப்பதைப் பார்த்துப் பதறுபவர்கள் நிறைய. ஆனால் எடைக்கும் தொல்லைக்கும் நேரடிக் கணக்கு கிடையாது. 90 கிராம் வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சிறுநீர் கழிப்பவர்கள் உண்டு. 30 கிராமிலேயே அடைபட்டுப்போய், சிறுநீர் வடிக்கும் ட்யூபோடு வருபவர்களும் உண்டு. சுரப்பி உள்நோக்கி வளர்கிறதா, வெளிநோக்கியா, நடுமடல் சிறுநீர்ப்பைக்குள் எழும்பி வாசலை அடைக்கிறதா, சிறுநீர்ப்பையின் கழுத்துத் தசை எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பதையெல்லாம் பொறுத்த விஷயம் அது. எடை வேறொரு கட்டத்தில் முக்கியமாகும், அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த நோயில் சேதப்படுவது புராஸ்டேட் இல்லை, அதற்கு மேலே இருக்கும் சிறுநீர்ப்பை. அது ஒரு தசைப்பை. வெளியேறும் வழி குறுகினால் அது கூடுதலாக அழுத்திப் பார்க்கிறது. அழுத்தி அழுத்திச் சுவர் தடிக்கிறது. தடித்த சுவர் பொறுமை இழந்து, கொஞ்சம் நிறைந்ததுமே சுருங்கத் துடிக்கிறது. அவசரமாக ஓடுவதும், இரவில் நாலைந்து முறை எழுவதும் இந்தக் கட்டம். இன்னும் வருடங்கள் போனால் தசைநார்களுக்கு இடையில் பைகள் பிதுங்கும், சிறுநீர் தேங்கும், கல் சேரும், கிருமி குடியேறும். கடைசியில் தசை தளர்ந்துபோகும். தளர்ந்த பிறகு அழுத்தம் இருக்காது, வலி இருக்காது, அவசரம்கூட இருக்காது. வயிறு மட்டும் உப்பியிருக்கும், சொட்டுச் சொட்டாகக் கசியும், சத்தமில்லாமல் சிறுநீரகம் வீங்கும். இரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியிருப்பதைத் தற்செயலாகப் பார்த்த பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது. தொல்லை குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்த காலத்தில் நிலைமை மோசமாகிக்கொண்டிருந்திருக்கும். அந்தக் கட்டத்தில் உலகத்தின் மிகச் சிறந்த லேசரைக் கொண்டு அடைப்பை நீக்கினாலும், தள்ள வேண்டிய தசைக்குப் பலம் இல்லை என்றால் சிறுநீர் முழுதாக வெளியேறாது. சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு இருக்கும் நம் ஊரில் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். நீண்டநாள் சர்க்கரை சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்புகளைத் தனியாகக் கெடுக்கும். இரண்டும் சேர்ந்தவருக்குக் கால அவகாசம் குறைவு.

காலம் பற்றிய இந்தப் பேச்சுக்கு ஆதாரம் எங்கே என்று கேட்கலாம். 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று இருக்கிறது. முன்னாள் ராணுவத்தினருக்கான அரசு மருத்துவமனைகளில், நடுத்தரமான தொல்லை இருந்த 556 ஆண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உடனே டியூஆர்பி என்னும் வழக்கமான ஆபரேஷன், இன்னொரு பிரிவுக்குக் கண்காணிப்பு மட்டும். ஏறக்குறைய மூன்று வருடம் பார்த்தார்கள். மறுபடி மறுபடி சிறுநீர் அடைபடுவது, பெருமளவு தேங்குவது, கல், கசிவு, தாங்கமுடியாத தொல்லை போன்றவற்றைத் தோல்வி என்று வைத்துக்கொண்டார்கள். ஆபரேஷன் பிரிவில் 23 பேருக்கும், காத்திருந்த பிரிவில் 47 பேருக்கும் தோல்வி. காத்திருந்தவர்களில் 24 சதவீதம் பேர் மூன்று வருடத்துக்குள் ஆபரேஷனுக்கு வந்து சேர்ந்தார்கள். ஐந்து வருடத்தில் அது 36 சதவீதம் ஆனது. இந்த ஐந்து வருட அறிக்கையில்தான் நான் சொல்ல வருகிற விஷயம் இருக்கிறது: காத்திருந்து பிறகு ஆபரேஷனுக்கு வந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது, ஆனால் தொடக்கத்திலேயே செய்துகொண்டவர்களுக்குக் கிடைத்த அளவுக்கு இல்லை. அதே ஆபரேஷன், அதே மருத்துவமனைகள், அதே கருவி. மாறியது காலம் மட்டும்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். இப்படிப் பேசினால் எல்லோரையும் அவசரமாக ஆபரேஷன் மேசைக்கு அனுப்பும் தனியார் மருத்துவமனைகளுக்கு வசதியாகிவிடாதா? ஆகாது. ஏனென்றால் அதே ஆய்வை முழுதாகப் படித்தால், காத்திருந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் மூன்று வருடம் கத்தி படாமல் சமாளித்துவிட்டார்கள் என்பதும் அதில்தான் இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது: ஆபரேஷனால் மிக அதிகம் பலனடைந்தவர்கள், தொடக்கத்தில் தொல்லையால் மிக அதிகம் சலித்துப்போயிருந்தவர்கள். ஸ்கேனில் வீக்கம் தெரிகிறது என்ற ஒரே காரணத்துக்காக, தொல்லையே இல்லாத ஒருவரை மேசையில் ஏற்றுவதற்கு எந்த ஆய்விலும் ஆதரவு இல்லை. நான் வாதாடுவது சீக்கிரம் செய்துகொள்ளுங்கள் என்று அல்ல, சிறுநீர்ப்பையைக் கணக்கில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள் என்று. சிலருக்கு அந்தக் கணக்கு, இன்னும் ஐந்து வருடம் தாராளமாகப் பொறுக்கலாம் என்றே வரும். ஆனால் ட்யூபை எடுத்ததும் மறுபடி அடைத்துக்கொள்கிறவர், அடைப்பால் சிறுநீரகம் வீங்கியவர், பையில் கல் சேர்ந்தவர், அடிக்கடி கிருமித் தொற்று வருகிறவர், புராஸ்டேட்டிலிருந்து திரும்பத் திரும்ப ரத்தம் வருகிறவர் ஆகியோருக்குப் பொறுத்திருப்பது ஒரு வழியே இல்லை.

மாத்திரையால் முடியாதா என்பது அடுத்த கேள்வி. பலருக்கு முடியும், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு வகை மாத்திரைகளை ஒன்றாக நினைத்துக்கொள்வதால் வரும் குழப்பம் பெரிது. டாம்சுலோசின், அல்ஃபுசோசின் போன்றவை கழுத்துத் தசையைத் தளர்த்துகின்றன. சில நாட்களிலேயே சுகம் தெரியும், ஆனால் சுரப்பி சுருங்காது. ஃபினாஸ்டெரைடு, டுடாஸ்டெரைடு ஆகியவை ஹார்மோன் வழியாக வேலை செய்து சுரப்பியைக் கால்பங்கு அளவுக்குச் சுருக்குகின்றன. ஆனால் அதற்கு மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஆசையும் விறைப்பும் குறையும். 2003இல் வந்த எம்டாப்ஸ் என்ற ஆய்வில் 3,047 பேரைச் சராசரியாக நாலரை வருடம் பார்த்தார்கள். நோய் முற்றுவதை, தளர்த்தும் மாத்திரை மட்டும் 39 சதவீதமும், சுருக்கும் மாத்திரை மட்டும் 34 சதவீதமும், இரண்டும் சேர்ந்து 66 சதவீதமும் குறைத்தன. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சிறுநீர் முற்றாக அடைபடுவதையும் ஆபரேஷன் தேவைப்படுவதையும் தளர்த்தும் மாத்திரை மட்டும் குறிப்பிடும்படி குறைக்கவில்லை. அதாவது பெரிய சுரப்பி உள்ள ஒருவர் வருடக்கணக்கில் டாம்சுலோசின் மட்டும் போட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறார் என்றால், சுகம் உண்மை, பாதுகாப்பு உண்மையல்ல. அவருக்கு ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை, சிறுநீர் கழித்த பிறகு எவ்வளவு மிச்சம் தேங்குகிறது என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டி மாத்திரையை மட்டும் தொடர்ந்து வாங்கிக்கொள்ளும் பழக்கம்தான் இங்கே ஆபத்து. போகிற போக்கில் ஒன்று: டாம்சுலோசின் எடுப்பவர்கள் கண்புரை ஆபரேஷனுக்குப் போகும்போது கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். நிறுத்திவிட்டிருந்தாலும் சொல்ல வேண்டும். அந்த மாத்திரையால் கருவிழிப்படலம் தளர்ந்து ஆபரேஷனின்போது தொந்தரவு கொடுக்கும்.

சரி, சிறுநீர்ப்பையின் நிலையை எப்படித் தெரிந்துகொள்வது? முதலில் ஐபிஎஸ்எஸ் என்ற கேள்வித்தாள். ஏழு கேள்விகள், 35 மதிப்பெண். எட்டுக்குக் கீழே லேசானது, இருபதிலிருந்து கடுமையானது. அதன் கடைசியில் தனியாக ஒரு கேள்வி இருக்கும்: வாழ்நாள் முழுவதும் இப்படியே இருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அந்த ஒரு கேள்விக்கு மனிதர் உண்மையாகப் பதில் சொன்னாலே பாதி முடிவு கிடைத்துவிடும். பிறகு சிறுநீர் பாயும் வேகத்தை அளக்கும் சோதனை, மிச்சம் தேங்குவதைப் பார்க்கும் ஸ்கேன், ரத்தத்தில் கிரியாட்டினின், புற்றுநோய்ச் சந்தேகத்தைப் பார்க்கும் பிஎஸ்ஏ. குழாய் நுழைத்து அழுத்தம் அளக்கும் யூரோடைனமிக்ஸ் எல்லோருக்கும் தேவையில்லை. பிரிட்டனில் 820 பேரிடம் செய்த ஆய்வில் அந்தச் சோதனையைச் சேர்த்ததால் ஆபரேஷன் எண்ணிக்கை குறையவில்லை. ஆனால் பக்கவாதம், பார்க்கின்சன், நெடுநாள் சர்க்கரை, மிக அதிகத் தேக்கம் உள்ளவர்களுக்கு அது அவசியம். பிரச்சினை அடைப்பா, தசைத் தளர்ச்சியா என்று பிரித்துச் சொல்ல வேறு நம்பகமான வழி இல்லை. இரவில் அடிக்கடி எழுவது மட்டுமே ஒருவரின் முக்கியமான தொல்லை என்றால் இன்னும் நிதானம் வேண்டும். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, இதயப் பலவீனம், குறட்டையோடு மூச்சு நின்றுபோகும் தூக்கக் கோளாறு இவையெல்லாம் இரவில் சிறுநீரை அதிகமாகச் சுரக்க வைக்கும். புராஸ்டேட்டைச் சுரண்டி அதைக் குறைக்க முடியாது.

இனி இரண்டாவது கேள்வி. எதை விட்டுக்கொடுக்கச் சம்மதம்? நம் குடும்பங்களில் இது பேசப்படுவதே இல்லை. அறுபத்தைந்து வயதுக்காரரிடம் தாம்பத்தியம் பற்றிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று டாக்டரும் விட்டுவிடுகிறார், மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்க அவருக்கும் கூச்சம். விளைவு, இரண்டு வெவ்வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலந்துபோய் பயமாக நிற்கின்றன. ஆபரேஷன் செய்தால் ஆண்மை போய்விடும் என்பது அந்தப் பயம். முன்பு சொன்ன 1995 ஆய்வில் ஆபரேஷன் பிரிவுக்கும் காத்திருந்த பிரிவுக்கும் விறைப்பு விஷயத்தில் வித்தியாசம் வரவில்லை. விறைப்புக்கான நரம்புகள் சுரப்பிக்கு வெளியே ஓடுகின்றன, வேலையோ உள்ளே நடக்கிறது. ஆனால் விந்து வெளியேறுவது வேறு கதை. டியூஆர்பி செய்துகொண்டவர்களில் மூன்றில் இருவர் அளவுக்கு உச்சத்தில் விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடுகிறது. பிறகு சிறுநீரோடு வெளியேறும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, உணர்வும் பெரும்பாலும் இருக்கும், ஆனால் அது திரும்பாது. இன்னும் குழந்தை வேண்டும் என்பவருக்கு இது மிகப் பெரிய விஷயம். மற்றவர்களிலும் சிலருக்கு இது மனத்தைப் பாதிக்கும், சிலர் பொருட்படுத்தவே மாட்டார்கள். யார் எந்த வகை என்பதை ஆபரேஷனுக்கு முன்பு, தனியறையில், மனைவியையும் சேர்த்துக்கொண்டு பேசித்தான் அறிய முடியும். இதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது, புற்றுநோய்கூட அல்லாத ஒரு நோயில், மன்னிக்க முடியாத குறை என்று நினைக்கிறேன்.

இந்த இரண்டும் தெளிந்த பிறகு கருவிக்கு வரலாம். 1900 டிசம்பரில் லண்டனில் பீட்டர் ஃப்ரேயர் என்ற அயர்லாந்துக்காரர் அடிவயிற்றைத் திறந்து, சிறுநீர்ப்பை வழியாக விரலை விட்டு, வளர்ந்த பகுதியை முழுதாக எடுத்தார். அதற்கு முன் இருபது வருடங்களுக்கு மேல் இந்தியாவில் அரசு மருத்துவப் பணியில் இருந்தவர் அவர். நியூயார்க்கில் யூஜின் ஃபுல்லர் 1894லேயே இதைச் செய்திருந்தார் என்பதால் யார் முன்னோடி என்ற சண்டையும் நடந்தது. 1920களிலும் 30களிலும் மாக்சிமிலியன் ஸ்டெர்னும் ஜோசப் மெக்கார்த்தியும் உருவாக்கிய கருவியால், வயிற்றைத் திறக்காமல் சிறுநீர்க் குழாய் வழியாகவே மின்கம்பி வளையத்தால் சீவி எடுப்பது சாத்தியமானது. டியூஆர்பி என்பது அதுதான். 1989இல் அமெரிக்காவில் 3,885 ஆபரேஷன்களைத் தொகுத்துப் பார்த்தபோது இறப்பு 0.2 சதவீதம். பழைய முறையில், சீவும்போது கழுவ ஊற்றிய கிளைசின் கரைசல் ரத்தத்தில் கலந்து சோடியம் இறங்கிவிடும் அபாயம் இருந்தது. இப்போது பைபோலார் கருவியில் சாதாரண உப்புக்கரைசலே ஊற்றுவதால் அந்த அபாயம் போய்விட்டது. ஆக, 'பழைய முறை' என்று நாம் ஒதுக்குகிற டியூஆர்பி, 1989இல் அளந்த அதே டியூஆர்பி இல்லை.

லேசர் அதைவிட நல்லதுதானே? நேருக்கு நேர் ஒப்பிட்டால் விடை கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கிறது. பிரிட்டனில் ஏழு மருத்துவமனைகளில் 410 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்குத் தூலியம் லேசராலும் மறுபாதிக்கு டியூஆர்பியாலும் செய்தார்கள். 2020இல் லான்செட் இதழில் வந்தது. ஒரு வருடம் கழித்துத் தொல்லை மதிப்பெண் இரண்டிலும் ஒரேமாதிரி இறங்கியிருந்தது. சிறுநீர் பாயும் வேகத்தில் டியூஆர்பி சற்று மேல். லேசரால் எதிர்பார்த்த நன்மைகள், அதாவது குறைந்த நாள் தங்குவதும் குறைந்த சிக்கலும், கிடைக்கவில்லை. ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் 281 பேரிடம் கிரீன்லைட் லேசரை ஒப்பிட்ட இன்னொரு ஆய்வில் பலன் டியூஆர்பிக்குக் குறையவில்லை, ட்யூபையும் சீக்கிரம் எடுக்க முடிந்தது. ரத்தத்தை இளக்கும் மாத்திரையை நிறுத்தவே முடியாத இதய நோயாளிக்கு, ரத்தப்போக்கு குறைவான இத்தகைய லேசர்கள் உண்மையாகவே உதவும். அவருக்கு லேசர் என்பது காரணமுள்ள தேர்வு. மற்றவருக்கு அது பெரும்பாலும் பெயர்.

லேசர்களில் ஒன்றை மட்டும் நான் தனியாக வைத்துப் பேசுவேன். 1990களில் நியூசிலாந்தின் டௌரங்கா நகரில் பீட்டர் கில்லிங்கும் மார்க் ஃப்ராண்டோர்ஃபரும் உருவாக்கிய ஹோலெப். ஆரஞ்சுப் பழத்தின் தோலை அப்படியே விட்டுச் சுளையை மட்டும் உரித்தெடுப்பதுபோல, வெளிக்கூட்டை விட்டு உள்ளே வளர்ந்ததை முழுதாகப் பிரித்தெடுக்கும் முறை. ஃப்ரேயர் விரலால் செய்ததை இது குழாய் வழியாகச் செய்கிறது. எடை முக்கியமாகும் என்று மேலே சொன்னேனே, அது இங்கேதான். 80 கிராமுக்கு மேல் போய்விட்ட சுரப்பியைச் சீவிச் சீவி எடுக்க நேரமாகும், ரத்தமும் போகும். அத்தகையவர்களுக்கு முன்பு வயிற்றைத் திறப்பதுதான் வழி. 150 கிராமானாலும் ஹோலெப்பால் எடுத்துவிட முடியும், மறுபடி ஆபரேஷன் தேவைப்படுவதும் மிக அரிது. ஆனால் இதன் பலம் லேசரில் இல்லை, முழுதாக உரித்தெடுப்பதில் இருக்கிறது. பைபோலார் கருவியாலும் அப்படி உரிக்கிறார்கள், முடிவு ஒத்துப்போகிறது. கற்றுக்கொள்ளக் கடினமான முறை, கை தேற இருபது முதல் ஐம்பது ஆபரேஷன் வரை ஆகும் என்பார்கள். விந்து பின்னோக்கிப் போவது டியூஆர்பி அளவுக்கோ அதற்கு மேலோ இருக்கும். முதல் சில வாரங்கள், சிலருக்கு மாதங்கள், இருமினால் தும்மினால் கசியும். அதனால் எந்த மெஷின் என்று கேட்பதைவிட, இந்த முறையில் நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று டாக்டரிடம் கேட்பது பலமடங்கு பயனுள்ள கேள்வி. நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார்.

விந்து வெளியேறுவதைக் காப்பாற்ற வேண்டும் என்பவருக்கு வேறு கதவுகள் திறக்கின்றன. யூரோலிஃப்ட் சுரப்பியை வெட்டுவதில்லை, சிறு கிளிப்புகளால் இருபுறமும் இழுத்துக் கட்டி வழியை அகலப்படுத்துகிறது. விந்துக்குப் பாதிப்பு ஏறக்குறைய இல்லை. ஐந்து வருடத்தில் தொல்லை 36 சதவீதம் குறைந்திருந்தது, ஆனால் 13.6 சதவீதம் பேர் மறுபடி ஆபரேஷனுக்குப் போனார்கள். ரெசூம் என்பது நீராவியை ஊசி வழியாகச் செலுத்தித் திசுவை வாடச்செய்வது. ஐந்து வருடத்தில் மறு ஆபரேஷன் 4.4 சதவீதம். ஆனால் முதல் சில நாட்கள் ட்யூப் இருக்கும், முழுப் பலன் தெரிய வாரங்கள் ஆகும். இவை 30 முதல் 80 கிராம் வரையுள்ளவர்களிடம் சோதிக்கப்பட்டவை. அக்வாப்ளேஷன் என்னும் நீர்த்தாரை முறையை டியூஆர்பியோடு ஒப்பிட்ட ஆய்வில் விந்து வெளிவராமல் போனது 10 சதவீதம், டியூஆர்பியில் 36 சதவீதம். ரத்தப்போக்கு அதன் பலவீனம். தொடை அல்லது கை ரத்தக்குழாய் வழியாகப் போய்ப் புராஸ்டேட்டுக்கு ரத்தம் செல்வதை அடைக்கும் முறையைச் சுவிட்சர்லாந்தில் 103 பேரிடம் டியூஆர்பியோடு ஒப்பிட்டார்கள். தொல்லை ஓரளவு ஒத்துப்போய்க் குறைந்தாலும் சிறுநீரின் வேகம் டியூஆர்பியில்தான் மிக அதிகமாகக் கூடியது. அடைப்பு முறையில் இருந்தவர்களில் 21 சதவீதம் பேர் இரண்டு வருடத்தில் டியூஆர்பிக்கு வந்துவிட்டார்கள். இந்த எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு கொடுக்கல் வாங்கல் கண்ணுக்குத் தெரியும். பொதுவாக எவ்வளவு திசு வெளியேறுகிறதோ அவ்வளவுக்குப் பலன் நீடிக்கிறது, அவ்வளவுக்கு விந்தும் இழக்கப்படுகிறது. ஐம்பத்தைந்து வயதில், நல்ல சிறுநீர்ப்பையோடு, பத்து வருடத்தில் மறுபடி ஒரு ஆபரேஷன் வந்தாலும் பரவாயில்லை என்பவருக்கு ரெசூம் நியாயமான தேர்வு. எழுபத்தைந்தில், தளர ஆரம்பித்த சிறுநீர்ப்பையோடு, ட்யூபிலிருந்து விடுபட வேண்டியவருக்கு அதே ரெசூம் தவறான தேர்வு. அவருக்குத் தடை முழுதாக நீங்க வேண்டும்.

இந்த வயதில் மயக்க மருந்து தாங்குமா என்று பிள்ளைகள் தயங்குவது இயல்பு. இவற்றில் பெரும்பாலானவை முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்து நடப்பவை. உண்மையாகவே தாங்காதவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ரத்தக்குழாய் முறையோ நிரந்தர ட்யூபோ தான் வழி. ஆனால் எழுபதில் நடமாட்டத்தோடு இருந்தவரை, பயத்தால் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, எண்பதில் கிரியாட்டினின் ஏறி இதயமும் தளர்ந்த பிறகு ட்யூபோடு கொண்டுவந்து நிறுத்தும்போது, அதே மயக்க மருந்தின் அபாயம் கூடியிருக்கிறது. மாதாமாதம் மாற்றும் ட்யூபும் அபாயமில்லாதது இல்லை, தொற்றும் கல்லும் அதன் கூடவே வரும். காசு என்பது இன்னொரு தயக்கம். டியூஆர்பி நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் சிறுநீரியல் துறைகளில் வாடிக்கையாக நடக்கும் ஆபரேஷன். லேசர் இல்லாத இடத்தில் செய்துகொள்கிறோமே என்று யாரும் குறைபட்டுக்கொள்ள வேண்டியதில்லை. 60 கிராம் புராஸ்டேட்டுக்கு, கை தேர்ந்த ஒருவர் செய்யும் டியூஆர்பி உலகத்தின் எந்த ஊரிலும் முதல் தரமான சிகிச்சைதான். லேசர் பேக்கேஜுக்குப் பணம் சேரும்வரை எட்டு மாதம் ட்யூபோடு காத்திருப்பதில்தான் எனக்கு வருத்தம்.

ஆபரேஷனுக்குப் பின் நடப்பவற்றையும் முன்பே தெரிந்துகொண்டால் பயம் குறையும். ட்யூப் ஓரிரு நாளில் வெளியே வரும். இரண்டு மூன்று வாரம் கழித்துத் திடீரென ஒருநாள் சிறுநீரில் ரத்தம் வரலாம், உள்ளே பொருக்கு உதிர்வது அது. நிறையத் தண்ணீர் குடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும், கட்டிகட்டியாக வந்து அடைத்தால் மட்டும் உடனே போக வேண்டும். கனமான எதையும் சில வாரம் தூக்கக் கூடாது. அவசரமாக ஓடுவது உடனே நிற்காது. தடித்த சிறுநீர்ப்பை பழைய நிலைக்குத் திரும்ப மாதங்கள் பிடிக்கும், மிகவும் தாமதித்தவர்களில் கணிசமானோருக்கு அது முழுதாகத் திரும்புவதில்லை. சிலருக்குக் குழாயில் தழும்பு விழுந்து வேகம் மறுபடி குறையும், அதைத் தனியாகச் சரிசெய்ய வேண்டியிருக்கும். எடுத்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேட்டு, அந்த ரிப்போர்ட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். திசுவை ஆவியாக்கும் லேசரிலும், யூரோலிஃப்ட், ரெசூம் போன்றவற்றிலும் அனுப்புவதற்குத் திசுவே இருக்காது என்பதால் முன்கூட்டியே பிஎஸ்ஏயும் ஆசனவாய் வழியான விரல் பரிசோதனையும் கட்டாயம். எந்த முறையானாலும் சுரப்பியின் வெளிப்பகுதி உள்ளேயே இருக்கும், புராஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. புராஸ்டேட்டை எடுத்தாகிவிட்டது, இனிப் பார்க்க ஒன்றுமில்லை என்று இருந்துவிட முடியாது. மூன்று மாதம் கழித்து ஒரு பிஎஸ்ஏ எடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது முன்பைவிட வெகுவாகக் குறைந்திருக்கும், இனி வரும் அளவுகளை அந்தப் புதிய எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.